சாக்குக் கழிவு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக்கிடந்த
இருபத்திரண்டு நிமிடத்தில்
சொல்லவேண்டியதை நான்கு முறை
பஸ் ஜன்னலுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

உத்திராபதி நவீன அரிசி ஆலையின் முதலாளி
கேட்டது ஒன்றே ஒன்று:
"சும்மா தர்றீங்கன்னா
அப்புறம் எதுல புடிப்பீங்க?"

நியாயமான கேள்வி.
சும்மா வந்த விதைநெல்
முளைக்காமல் போனதைப் பார்த்தவர்.
மென்பொருளுக்குக் காசில்லை அண்ணே, என் உழைப்புக்குத்தான்.
வருஷா வருஷம் சாவிக்கு வாடகை கட்டவேண்டாம்.
உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம்,
திருத்தலாம்,
திருத்தியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

"யாரும்னா?
வலங்கைமான் மில்லுக்காரனுமா?"
அவரும்தான்.
"நம்ம கணக்கையா?"
கணக்கு உங்களுடையது.
கோடு போட்ட நோட்டு மட்டும்தான் பொது.

இந்த இடத்தில் எல்லோரும்
வாய்க்கால் உவமை சொல்வார்கள்.
நானும் ஒன்று வைத்திருந்தேன்,
வெண்ணாறு, மதகு, முறைத்தண்ணீர் என்று.
சொல்லவில்லை.
கடைமடையில் ஏழு ஏக்கர் வைத்திருப்பவரிடம்
தண்ணீர் எல்லோருக்கும் வந்துசேரும் என்று
எந்த முகத்தோடு சொல்வது?

என்னைக் காப்பாற்றியது பழைய மென்பொருள்தான்.
கூட்ஸ் வண்டிக்கு மூட்டை ஏற்றும் நாளில்
உரிமம் முடிந்தது என்று கதவைச் சாத்தியது.
ரகசிய எண் போனது ஆடிட்டரின் கைபேசிக்கு.
ஆடிட்டர் வேளாங்கண்ணியில், கடலுக்குள், இடுப்பளவு.
நாலு வாட்ஸ்அப் குழுக்களில்
லாரி நம்பர் தேடினார்கள்.
'புதுசு கடைசி ஒரிஜினல் 3' என்றொரு கோப்பில்
போன வருஷத்து விலை இருந்தது.

மறுவாரம்
எடைமேடை அறையின் மூலையில்
தவிடு படிந்த பழைய கணினியில்
கட்டற்ற மென்பொருளை நிறுவினேன்.
கொள்முதல், குடோன், டிரைவர், தரகர்
எல்லோரும் ஒரே பக்கத்தில் பேசினார்கள்.
ஒன்பது நாள் எனக்கு நல்ல பெயர்.

பத்தாம் நாள் கணக்கர் தையல்நாயகி சொன்னாள்:
"சார், இதுல சாக்குக்கு எடமே இல்ல."

ஒரு மூட்டைக்கு அறுநூறு கிராம்
சணல் எடை கழிக்கவேண்டும்.
எழுதியவர்கள் யாரோ
சாக்கு முகர்ந்து பார்க்காதவர்கள்.
கோரிக்கை அனுப்புகிறேன் என்றேன்.
"யாரும் திருத்தலாம்னீங்களே?"

மன்னார்குடியில் படித்த பி.சி.ஏ.,
ஐந்து வருஷமாகத் தொடாதது.
மூன்று இரவு உட்கார்ந்து
பதினோரு வரி எழுதினாள்.
முகம் தெரியாத ஒருவர்
நான்கை மட்டும் திருத்தி
ஏனென்று பொறுமையாக விளக்கியிருந்தார்.
ஏற்கப்பட்டது என்ற செய்தி
கரண்ட் போன மதியத்தில் வந்தது.
ஜெனரேட்டர் இரைச்சலில்
அவள் என்ன சொல்லிச் சிரித்தாள்
எனக்குக் கேட்கவில்லை.

ஐப்பசி.
களத்தில் தார்ப்பாய்க்கு மேல் மழை.
நனைந்த சாக்கு எவ்வளவு கனக்கும் என்று
விவசாயிக்கும் எடைக்காரருக்கும்
வருஷாவருஷம் நடக்கும் சண்டை.
இந்த முறை திரையில் ஒரு புதுக் கட்டம் இருந்தது:
'ஈரச் சாக்கு.'
எங்கோ மலையூரில் பாக்கு மூட்டை கட்டும் கூட்டுறவு ஒன்று
தையல்நாயகியின் பதினோரு வரிக்குக் கீழே
தங்கள் ஆறு வரியைச் சேர்த்திருந்தது.
கூடவே ஒரு குறிப்பு:
எங்கள் ஊரிலும் மழைதான், நன்றி.

முதலாளி அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.
"வலங்கைமான்காரனும்
இதத்தானே போட்டிருக்கான்?"
ஆமாம்.
"அவன் ஏதாவது எழுதிச் சேத்தானா?"
இல்லை.
"அப்ப நாம ஒருபடி முன்னால"
என்று வெற்றிலையை மடித்தார்.

அந்த வாரமே தையல்நாயகி
சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறாள்.
பார்க்கலாம் என்றாராம்.
என் பாக்கிக்கும்
அதே பதில்தான்.