ஒற்றைப்படை

நேமத்தான்பட்டியில் ஒரு வீடு.
புள்ளிகள் பதினேழு, வழக்கு ஒன்று.
கோர்ட் அனுப்பிய கமிஷனருக்கு
டேப்பின் மறுமுனை பிடிப்பவன் நான்.

பட்டாலையில் சேவுகன் ஒரு பக்கம்,
உமையாள் ஆச்சி ஒரு பக்கம்,
மலேசியாப் பங்காளி செல்போனுக்குள்.
கிழக்குப் பத்தி யாருக்கு என்பதில்
எட்டு வருஷம் போய்விட்டது.

சாக்பீஸ் தேடிப் பையைத் துழாவினேன்.
வந்தது சைக்கிள் பேரிங் குண்டு,
காலையில் பெடல் கழன்றபோது மிஞ்சியது.
மேற்குச் சுவரோரம் கல்லின் விளிம்பில் வைத்தேன்.
நின்றது.
பிறகு, நிற்கவில்லை.

சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம்
ஒருதரம் போய்த் திரும்பியது: ஒரு கல் கடந்திருந்தது.
மறுதரம்: மூன்று கல்.
அடுத்து ஐந்து.
யாரும் தள்ளவில்லை, ஊதவில்லை.
அதற்குள் ஓர் அவசரம்
ஒவ்வொரு நொடிக்கும் அதே அளவு கூடிக்கொண்டிருந்தது,
வட்டியில்லாமல், தள்ளுபடியில்லாமல்.

பாதி ஏ டி ஸ்கொயர் என்று
பள்ளியில் மூச்சுவிடாமல் ஒப்பித்தவன்தான்.
எதில் பாதி, ஏன் வர்க்கம், கேட்டதில்லை.
இப்போது காலடியில் கிடக்கிறது பதில்:
ஒன்று, நான்கு, ஒன்பது,
இதோ ஏழும் சேர்ந்து பதினாறு.
கூட்டிய இடமெல்லாம் ஒரு சதுரம்,
ஆத்தங்குடிச் சதுரங்களின் மேல்.

பெண்டுலம் திரும்பும் முன்
வாய்தவறி உரக்கச் சொன்னேன்:
"அடுத்தது ஒன்பது."

"ஒன்பதா? யாருக்கு?" என்றார் சேவுகன்.
"பதினேழுல ஒன்பது அவுகளுக்கா!"
ஆச்சி எழுந்தேவிட்டார்.
செல்போன் ஹலோ ஹலோ என்றது.
கமிஷனர் பேனாவை மூடினார்.

ஒன்பதைக் கடந்து, இருபத்தைந்தாம் கல் முடிவில்
டக்கென்று கிழக்கு நிலைப்படியில் முட்டியது குண்டு.

ரசமட்டம் வைத்துப் பார்த்தோம்.
கிழக்கே நாலங்குலத்துக்கு மேல் இறங்கியிருக்கிறது வீடு.
எந்த மழைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.
இத்தனை பேர் நடந்தும்
கால்கள் சொல்லவில்லை.

அறிக்கையில் இதற்கு என்ன தலைப்பு
என்று கமிஷனர் யோசிக்கையில்
ஆச்சி குனிந்து குண்டை எடுத்தார்,
புடவையில் துடைத்தார்,
மேற்கே போய் வைத்தார்.

"கேமராவைத் திருப்புங்க, எனக்குத் தெரியலை,"
என்றது செல்போன்.

சேவுகன் பெண்டுலத்தைப் பார்த்தபடி
உதடசைத்து எண்ணத் தொடங்கினார்:
ஒண்ணு.
மூணு.