இரண்டு விரல்

ஷுவைக், பிற்பகல் மூன்று மணி.
ஃபவாஸின் கார் முன்காலைத் தூக்கி
ஜாக்கியில் நிற்கிறது.
பழைய ரிம் பதினெட்டு, புதுசு இருபது.
"275/35 போடு. அகலம்தான் அழகு."

சாக்கட்டியால் தரையில் கணக்குப் போட்டேன்:
ரிம் வளர்ந்தால் ரப்பர் மெலியணும்,
மொத்த உயரம் கூடக் கூடாது.
கூடினால்
மீட்டர் நூற்றிருபது என்று பொய் சொல்லும்,
கேமராவிடம் எடுபடாது.

சிரித்தான்.
மாட்டினேன்.
ஸ்டீயரிங்கை முழுசாய் ஒடித்ததும்
மட்கார்டுக்குள்
கர்ரென்று ஒரு கடி.

கழற்றினேன். 245/30.
இப்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே
கரி படிந்த என் இரண்டு விரல்
தாராளமாய்ப் போய் வருகிறது.

"அளவுகோல் இல்லையா உன்னிடம்?"

இருக்கிறது.
டிராயரில்.
எடுக்கக் கை கழுவணும்.