பேச்சு: உண்டு

நெற்றி முதல் பிடரி வரை
முப்பத்தாறு சென்ரிமீற்றர்.
தையல்காரி மாதிரி நாடா வைத்து அளந்து
சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்கிறேன்.
வலக்காதுக்கு மேலே ஒரு தழும்பு,
அங்கே மயிர் முளைப்பதில்லை.
ஒரு கம்பியை மட்டும்
அரை விரல் தள்ளி ஒட்டுகிறேன்.
படிவத்தில் அதையும் எழுதுகிறேன்.

அபேகோன். வயது நாற்பத்தெட்டு.
முன்னாள் கோப்ரல்.
இப்போது கந்தப்பளைப் பக்கம்
தேயிலை பெக்டரி ஒன்றில் காவல்.
மணிக்கட்டில் பிரித் நூல் மூன்று சுற்று.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரை
எழுத்துக்கூட்டி வாசித்தார்: யோக… மலர்.
பிறகு
தலையை என் கையில் விட்டுவிட்டு
சுவரைப் பார்த்தார்.

"வெடிக்கு நான் எழும்ப மாட்டேன் மிஸ்,"
என்றார் சிங்களத்தில்.
"மரக்கறித் தோட்டத்தில் பன்றிக்கு வெடி போடுவார்கள்,
விடிய விடிய. அதிலேயே தூங்கிவிடுவேன்.
என் அறை பெக்டரிக்குப் பின்னால்.
கொழுந்து வாட்டுகிற பேன் நின்றால்தான்…"
மிச்சத்தைச் சொல்லவில்லை.

நுவரெலியாவில், மார்கழியில்,
பேன் யாரிடம் இருக்கும்?
கன்டீன்காரன் சிரித்துக்கொண்டே
தூசியோடு ஒன்றை எடுத்துத் தந்தான்.
சுவரைப் பார்த்து ஓடவிட்டேன்.
டொக்டர் கேட்டால் என்ன சொல்வதென்று
யோசிக்கவில்லை.

பதினொன்று ஐம்பது. கண்கள் மூடின.
திரையில் இருபத்தொரு கோடுகள்.

நல்ல தூக்கம் எப்படியிருக்கும் என்று
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்:
மலை ஏறி, மலை இறங்கி, மறுபடி மலை ஏறி,
உயரமாக, மெதுவாக. டெல்டா.
இவருக்கும் அது வந்தது.
நாலு நிமிடம்.
பிறகு அதன் முதுகின்மேல்
பொடிப்பொடியாய் வேக அலைகள்,
தகரக் கூரையில் ஆலங்கட்டி.
உடம்பு படுத்திருக்கிறது.
மூளை இன்னும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

கனவு வரும் நேரம்
தசைகளுக்கெல்லாம் விடுமுறை.
தாடைக் கோடு மேசை விளிம்பு போல
நேராகப் போக வேண்டும்.
இரண்டு இருபதுக்குக் கண்மணிகள் ஓடத் தொடங்கின.
தாடைக் கோடு கறுத்துத் தடித்தது.
விரல்கள் போர்வையில் எதையோ தேடின.
இதயம் நூற்றுப்பதினெட்டு.

பிறகு பேசினார்.
யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்கிற குரலில்,
வடக்குத் தமிழில்:

"சத்தம் போடாதேங்கோ.
பிள்ளை நித்திரை."

எங்கள் லயத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
சத்தம் போடாதீங்க, புள்ள தூங்குது என்போம்.
அந்த 'ங்கோ'
வவுனியாவுக்கு அப்பால் முளைப்பது.
இந்த மனிதரின் வாய்
அதைக் கீறல் விழாமல் வைத்திருந்தது,
வேறு யாருடையதோ ஒரு பொருளை
திருப்பிக் கொடுக்க ஆள் தெரியாமல்
வைத்திருக்கிற மாதிரி.

மறுபடி ஒருமுறை.
அப்புறம் பேன் மட்டும்.

காலையில்
மயிரிலிருந்து பசையைக் கழுவும்போது கேட்டார்:
"பேசினேனா?"
பதினாறு வருசமாகப் பேசுகிறாராம்.
மனைவிக்கு விளங்காத பாஷை,
அதனால்தான் கையில் நூல்.
"எனக்குத் தமிழ் தெரியாது மிஸ்.
நில், கையைத் தூக்கு, வெளியே வா.
அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள்."

வெந்நீர் காதுக்குள் போகாமல்
உள்ளங்கையால் மறைத்தேன்.
"பேசினீர்கள்."
"கெட்ட வார்த்தையா?"
"இல்லை."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.
கேட்க வேண்டுமென்று நின்றேனா
கேட்டுவிடக் கூடாதென்று நின்றேனா,
தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்.
பேச்சு: உண்டு, இல்லை.
உண்டு என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன்.
கீழே, சிறிய எழுத்தில்: என்ன பேசினார்?
ஒரு வரிக்குத்தான் இடம்.

ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டேன்.
மூன்றாம் முறை,
ஏனென்று தெரியவில்லை,
எழுந்துபோய்
அறைக் கதவைச்
சத்தமில்லாமல் சாத்தினேன்.