கிலோமீட்டர் 23

எட்டு மணி வண்டி போனதும் பெயர்ப்பலகையைச் சுரண்ட ஆரம்பித்தேன்.
பாஸ்தாரிக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டான்,
பிடித்தபடியே நேற்றைய கோல்கீப்பரைத் திட்டினான்.

மேலே நீலம். போன அரசாங்கத்தின் நீலம்.
சுரண்டி பட்டதுமே வெங்காயச் சருகாய் உரிந்தது.

அதன் கீழே சாம்பல் நிறம்:
தடத்தைத் தனியாருக்கு விற்றார்கள், இரவு வண்டிகளை நிறுத்தினார்கள்,
பிறகு இருக்கைகளைக் கழற்றிவிட்டு
அட்டை பொறுக்குகிறவர்களுக்கென்று ஒரு வண்டி விட்டார்கள்.
நானும் அதில் போயிருக்கிறேன் பதினேழு வயதில்,
தள்ளுவண்டிக்கும் சுவருக்கும் நடுவே, நின்றபடி தூங்கி,
புவனோஸ் ஐரிஸின் குப்பையைக் கூட்டிக்கொண்டு வர.

மூன்றாவது, ராணுவப் பச்சை. ஒரு கர்னலின் பெயர்.
டிக்கெட் ஜன்னலில் அதை யாரும் உச்சரித்ததில்லையாம்.
"லோஸ் சௌசெஸுக்கு அடுத்தது ஒன்று" என்பார்களாம்.
உள்ளே இருப்பவரும் தலை நிமிராமல் சீட்டைக் கிழிப்பாராம்.
அந்தப் பெயருக்குக் குறுக்கே ஆணியால்,
அடித்தகடு வரைக்கும் ஆழமாக, யாரோ கீறியிருக்கிறார்கள்:
மிர்த்தா.
கடைசி எழுத்து பாதியில் நிற்கிறது.

"புட்டி வைத்து அடைத்துவிடு" என்றான் பாஸ்தாரிக்கா.
"அடைக்கிறேன்" என்றேன்.

நான்காவது, பழுப்பு மஞ்சள். ரயில் அரசுடைமையான காலம்.
ஞாயிறுதோறும் ஏலக்காரர்கள் இலவச வண்டி விட்டு,
ஆளுக்கொரு சாண்ட்விச் கொடுத்து,
சதுப்பைத் துண்டு போட்டுத் தவணையில் விற்றார்கள்.
வாங்கியவர்கள் மடியில் செங்கல் வைத்துக்கொண்டு வந்தார்கள்,
வாரத்துக்கு நாலு, கூலி கூடினால் ஆறு.
பாதி ஊர் இந்த ரயிலில் உட்கார்ந்துதான் வந்தது.
மிர்த்தா இந்த அடுக்கிலும் இறங்கியிருந்தாள்.

ஐந்தாவது, ஆங்கிலேயக் கம்பெனியின் கருஞ்சிவப்பு. ஹார்க்ரீவ்.
லண்டனில் வரைபடத்தின் மேல் சுருட்டைத் தட்டியவராம்;
சாம்பல் விழுந்த இடம் ஸ்டேஷன்.
அவர் வரவே இல்லை. போனவை பாஸ்க்காரர்களின் பால் கேன்கள்,
விடியுமுன் நாலு நாற்பதுக்கு.
மூடிகளின் கடகடப்பில் ஊரே விழிக்கும்.
ஊர் என்றால் அப்போது மூன்று வீடு.

அதற்கும் அடியில் வெறும் தகட்டின் மேல் தார்:
கி.மீ. 23.
தண்டவாளம் பதித்தவர்கள் எழுதியது.
அவர்கள் சுமந்த கட்டை கெப்ராச்சோ, கோடரிமுறிப்பான் என்று அர்த்தம்.
மரத்துக்குப் பெயர் வைத்தவர்கள்
முதுகுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

வேலை உத்தரவைப் பிரித்தேன். புதிய பெயர்: முடிவாகவில்லை.
மூன்று சங்கங்கள், மூன்று பெயர்கள்,
நகராட்சிக் கூட்டத்தில் நாற்காலி பறந்திருக்கிறது.
வெள்ளை மட்டும் அடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.
அடித்தேன். மெல்லிசாக.
புட்டி டப்பாவைத் திறக்கவில்லை.

சாயங்கால நாலு நாற்பது
வளைவில் இடப்பக்கம் சாய்ந்து வந்து நின்றது.
ஜன்னலில் தலை வைத்துத் தூங்கிய நர்ஸ் ஒருத்தி
சட்டென்று விழித்தாள், வெற்றுப் பலகையைப் பார்த்தாள்,
காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.
பலகையின் மேல் சாய்வெயில்.
ஒரு கணம் நின்றாள். எழுத்துக்கூட்டுவதுபோல் உதடு அசைந்தது.
பிறகு கையை நீட்டி, "ஈரமா?" என்றாள்.

ஈரம்தான்.