நாற்பது டிகிரியில் துவைக்கவும்

ஆட்டம் முடிந்து ஒன்றரை மணி நேரத்தில்
மூட்டை வந்து விழும் என் கடை வாசலில்.
மேரிபோர்ட்டில் ஞாயிறு மாலை
விளக்கெரிவது இரண்டே இடம்:
எதிரே பப்,
இந்தப் பக்கம் என் சலவைக்கடை.
அங்கே தொண்டை கிழியும்.
இங்கே கிழிந்ததைத் தைப்பேன்.

அவர்களுக்கு ஒரே வழக்குதான், வருடக்கணக்காய்:
பதின்மூன்று பேரில் யார் இல்லாமல் முடியாது?
"ஏழு. ஆட்டத்தின் மூளை" என்று
மேசையைத் தட்டுவான் நெவில் மெசஞ்சர்.
ஏழாம் எண் அவனுடையதுதான்.
"எல்லோரையும் தாண்டி வந்தவனை
ஒற்றையாளாய் நிறுத்துவது யார்?" என்பான் ஒன்று.
ஓரத்தில் ஓடும் ஐந்து வாயே திறக்கமாட்டான்;
போட்ட மூன்று ட்ரைகளைச்
சட்டைப்பைச் சில்லறைபோல் குலுக்கிச் சிரிப்பான்.

நான் ஆட்டம் பார்ப்பதில்லை.
பார்ப்பவர்கள் பந்தைப் பார்க்கிறார்கள்.
எனக்கு வந்து சேர்வது மண்.

ஐந்தில் ஒரே ஒரு நீளக்கோடு,
மூலைக்கொடிக்குப் பக்கத்தில் வழுக்கியதன் புல்சாறு.
பனிமூட்ட நாட்களில்
கொடுத்த மடிப்போடு திரும்பி வரும்.
எட்டுக்கும் பத்துக்கும் கழுத்துப்பட்டை நிற்காது.
கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்துத் தலையை வாங்கும் தொழில்.
தோளில் யாருடைய ரத்தமோ.
அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்,
வெந்நீர் பட்டால் குடியேறிவிடும்.
ஒன்பதில் எண்ணே தெரியாது.
ஒவ்வொரு தடவையும் விழுந்தவன் காலடியில் குனிந்து
பந்தை எடுத்து அனுப்புபவன்,
ரொட்டி வண்டி ஓட்டும் ராய் ஃபியரன்.
மார்பெல்லாம் சேறு; முதுகு மட்டும் சுத்தம்.

என்னைக் கேட்டிருந்தால்
ஒன்பது என்றுதான் சொல்லியிருப்பேன்.
யாரும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் எக்ரிமொண்ட் போய் வந்தார்கள்.
இரும்புத்தாது எடுத்த ஊர், அங்கே சேறும் சிவப்பு.
மூட்டையை அவிழ்த்தேன்.
பத்து, என் சோப்பு வாசனையோடு
மடித்தது மடித்தபடி.
டங்கன் கிளெய்ஸ்டர் வரவில்லை.
மாற்றுக்கும் ஆளில்லை போலிருக்கிறது.

மற்ற பன்னிரண்டையும் தரையில் பரப்பினேன்.
ராயின் முதுகில் சேறு!
ஒன்பது வருடத்தில் முதல் தடவை
அவனை யாரோ மல்லாத்தியிருக்கிறார்கள்.
எட்டுக்கு இரண்டு தோளும் தையல் விட்டிருந்தது.
நெவிலின் கைப்பட்டையில் ரத்தம், அவனுடையதேதான்;
மூளையும் அன்று முட்டுக்கொடுக்கப் போயிருக்கிறது.
ஓரத்துப் பையனின் ஐந்தோ
கழுத்திலிருந்து விளிம்புவரை சிவப்பு.
அவனை நடுவுக்கு இழுத்த ஓட்டை எத்தனை அகலமோ.
எத்தனைக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை.

பத்து என்று தீர்ப்பெழுத
அப்போதும் கை வரவில்லை.
அடுத்த வாரம் ராய் வராவிட்டால்
இதே தரையில் வேறு கதை விரியும்.

பன்னிரண்டைப் போட்டு மெஷினை ஓட்டினேன்.
எடை கூடாமல் டிரம் ஒரு பக்கமாய் இழுத்து
கண்ணாடிக்கதவை இடித்து இடித்து நின்றது.
வைதுகொண்டே திறந்து
அந்தச் சுத்தமான பத்தையும் உள்ளே எறிந்தேன்.
ஓடியது.

செவ்வாய்க்கிழமை டங்கனே வந்தான், மூட்டை எடுக்க.
விலாவில் கட்டு, தும்மக்கூட பயம்.
வெள்ளையில் லேசாய்ச் செம்மண் ஏறிய பத்தை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"இதை யாரும் போடவே இல்லையே."
"தெரியும்" என்றேன்.
பில்லில் பதின்மூன்று என்றே எழுதியிருந்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனான்.