நாலு மணியின் பின்வாசல்

எனக்கு நாலு மணியைப் பதினெட்டு வருடமாகத் தெரியும்,
பின்வாசல் வழியாக.

புளியரை வளைவில், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்,
கடைசி வைக்கோல் லாரிக்காரன் சால்னாவை வழித்துவிட்டு
ஆரியங்காவு ஏற்றத்துக்குக் கியர் மாற்றும்போது
நான் கல்லை அணைப்பேன்.
முழங்கைவரை எண்ணெய். மூக்குக்குள் மைதா.
பாங்கு கேட்டதும் போர்வையைத் தலைக்கு மேல் இழுப்பேன்.
மற்ற நாலு வேளைக்கும் இல்லாத அந்த ஒரு வரி,
தூங்குகிறவனுக்கென்றே வைத்த வரி,
அதைக் கேட்டபடிதான் கண் சொருகும்.
அல்லா பொறுக்கணும், அத்தனை இதமாக இருந்தது.

ஆனிச் சாரலில் ஒரு ராத்திரி
கொல்லத்திலிருந்து இரண்டு வேன் கூட்டம்.
முட்டை தீர்ந்துபோச்சு என்று
இக்ரமுல் சிரித்துக்கொண்டே சொன்னான்.
அவ்வளவுதான் சொன்னான்.
சட்டுவம் அவன் புருவத்தில் பட்டு
குழம்புச் சட்டிக்கு அடியில் போய் நின்றது.
குனிந்து எடுத்தான்.
தன் பனியனில் துடைத்தான்.
கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.
"கல் காயுது, அண்ணே."

மூன்று தையல்.
முர்ஷிதாபாத்துக்கு வீடியோவில் பேசும்போது
அம்மாவுக்குக் கதவைக் காட்டினான், பிறகு நெற்றியை.
வங்காளம் தெரியாத எனக்கும் அந்தப் பொய் புரிந்தது.

பகல் வேலை கேட்டு வாங்கினேன். நாளுக்கு நூறு ரூபாய் குறைவு.
விடிகாலையில் எழுந்தால் மனசு அடங்கும் என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதல் வாரம் அலாரத்துக்கு
நூர்நிஷா எழுந்தாள், எதிர்வீட்டு நாய் எழுந்தது.
இரண்டாம் வாரம் எழுந்து உட்கார்ந்து
எங்கோ ஒருத்தன் மீன் வெட்டுவதை
முக்கால் மணி நேரம் போனில் பார்த்தேன்.
அடுத்த வாரம் பள்ளிக்கே போய்விட்டேன்.
சுஜூதில் தூங்கிவிட்டேன்.
மோதினார் தோளைத் தொட்டு,
"மசூது, ஆளெல்லாம் போயாச்சுடே" என்றார்.

அமைதி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால்
மனசு செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடுகிறது.
வராத பஸ்ஸுக்கே கூட்டம் அதிகம்.

காற்றுதான் வந்தது.
மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை,
ரப்பர் பால், ஈரச் சருகு, யாருடைய அடுப்போ,
எல்லாம் கணவாய் வழியாக
சீட்டுக் காட்டாமல் எல்லை தாண்டி வந்தன.
பதினெட்டு வருடம் இந்த ஊரில் மூச்சு விட்டவன்
அன்றைக்குத்தான் அதை மோந்து பார்த்தேன்.
நின்றது நின்றபடி, ஐந்து நிமிடம் இருக்கும்.
அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.
மதியம் பரோட்டா கருகியபோது
யாரையும் வையவில்லை என்று
சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

இன்று பள்ளியில் மோட்டார் ரிப்பேர்.
ஒளு செய்ய, கடைக்குப் பின்னால் உள்ள குழாய்க்குப் போனேன்.
இக்ரமுல் நின்றிருந்தான்.
ராத்திரிக் கல் இப்போது அவனுடையது.
முழங்கைவரை எண்ணெய்.
குண்டு பல்பு வெளிச்சத்தில்
புருவம் நடுவில் முடி முளைக்காமல், சின்ன வரப்பு மாதிரி.
சோப்பை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தான்.
தண்ணீர் இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.
கை கழுவினேன். வாய் கொப்பளித்தேன்.
மூன்று மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை
தண்ணீரோடு போய்விட்டது.

"முட்டை மிச்சம் இருக்காடே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தான்.
"நாலு இருக்கு, அண்ணே" என்றான்.
சிரித்தான். புருவம் இரண்டாக மேலேறியது.

பாங்கு தொடங்கியது. அந்த வரியும் வந்தது.
அவன் வாயை மூடாமல் கொட்டாவி விட்டான்.

"நீ போய்த் தூங்கு" என்றேன்.