நான்காம் தேதிக்குப் பத்து யுவான்

சுங்ஹுவா ஆற்றின் பனி என்றைக்கு உடையும் என்று
ஜியாமுஸியில் பந்தயம் கட்டுவார்கள்.
மீன்காரன், பேருந்து ஓட்டுநர், பல் கட்டுகிற மருத்துவர்,
எல்லோரும் ஏப்ரல் நடுவில் ஒரு நாளைச் சொல்ல
துங் சூஹெ மட்டும்
நான்காம் தேதி என்பாள்.
இருபத்தாறு வருஷமாகத் தோற்கிறாள்.

பொதுக் குளியலகத்தில் சாவி கொடுக்கிற வேலை.
ரப்பர் வளையத்தில் கோத்த எண்கள்.
கை நீட்டுகிறவர்களின் முகம் பார்க்க மாட்டாள்,
குதிகால் பார்ப்பாள்.
குதிகால்களைப் பற்றி மட்டும் பதினோரு கவிதை,
காகித ஆலை மூடிய அன்று
சம்பள பாக்கிக்கு ஈடாகத் தலையில் கட்டிய
கழிவுத் தாள்களின் மேல்.
(கட்டில் பாதியைத் தொண்ணூற்றெட்டின் குளிர் எரித்தது.
மீதியை அவள் அடுப்பருகே விடவில்லை.
அதற்காக வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை.)

ஹார்பினிலிருந்து ஒரு பத்திரிகை
"வயதுக்கேற்ற கனம் இல்லை" என்று திருப்பி அனுப்பியது.
கடிதத்தைக் காய்கறிக்காரியின் தராசில் வைத்தாள்.
ஐந்து கிராம்.
அதையும் எழுதினாள்.

கனமா?
ஈரத் துணியைக் கிழிப்பதுபோல் கணவன் மூச்சுவிடுவதை
இரண்டு குளிர்காலம் விழித்திருந்து கேட்டவள்.
ஷென்ஜெனிலிருந்து மகன் பேசும்போதெல்லாம்
பின்னால் ஓர் இயந்திரம் ஓடும்.
ஒருநாள் அது ஓடவில்லை.
வேலை போயிற்றா என்று பதறினாள்.
ஞாயிற்றுக்கிழமை அம்மா, என்றான்.

அவர்கள் மொழியில்
பிறந்த பிள்ளையைச் சிவந்த பிள்ளை என்பார்கள்.
நாம் பச்சைப் பிள்ளை என்கிறோம்.
நிறத்தில்தான் வழக்கு.
நரைத்த பின்னும் அந்தப் பிள்ளையை
இறக்கி விடாதவர்களின் நெஞ்சுக்கு
அங்கே ஒரு சொல் உண்டு.
சூஹெ அதை ஒருமுறைகூட எழுதியதில்லை.
இடுப்பு வலிக்கிறது என்று மட்டும்
இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாள்.

இடுப்பு உண்மையிலேயே உடைந்ததுதான்,
ஐம்பத்தெட்டு வயதில்,
ஆற்றுச் சரிவில் அட்டைப்பெட்டி மேல் சறுக்கி.
பின்னாலிருந்து தள்ளிவிட்ட கணவனை
மருத்துவர் திட்டத் திட்ட
அவள் கட்டிலில் சிரித்தாள், வலித்தது, சிரித்தாள்.

இந்தப் பிப்ரவரியில் அவன் போய்விட்டான்.
பத்தாம் நாள் வேலைக்கு வந்து சாவி கொடுத்தாள்.
குதிகால் எதுவும் கண்ணில் படவில்லை.
மார்ச் முழுக்கத்
தாள் வெறும் தாளாகவே இருந்தது.

மாதக் கடைசியில் மீன்காரன் குய்
பந்தய நோட்டை நீட்டினான், பாதிதான் நீட்டினான்.
"இந்த வருஷம் வேண்டாமென்றால் பரவாயில்லை அக்கா."
வாங்கி, நான்கு என்று எழுதினாள்.
பிறகு அடித்தாள்.
அப்பாடா, ஒருவழியாகப் புத்தி வந்தது என்று
வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.
மூன்று என்று எழுதினாள்.

மூன்றாம் தேதி விடியலில்,
இரவு வேலை முடித்து,
சோப்பு வந்த பெட்டி ஒன்றை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு
கரைப் படிகளில் இறங்கினாள்.
ஆறு பாறையாகக் கிடந்தது.
குதிகாலால் இரண்டு தட்டு தட்டினாள்,
உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்பதுபோல்.
பதில் இல்லை.
பத்து யுவான் போயிற்று.

சரிவின் மேலே ஏறி
அட்டையை விரித்து உட்கார்ந்தாள்.
சற்று நேரம் காத்திருந்தாள், பழக்கதோஷம்.
பிறகு இரண்டு கையையும் பனியில் ஊன்றித்
தானே தள்ளிக்கொண்டாள்.